பலகைக் கோவிலில் அம்மாவுக்கு அடித்த மணி

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஊர்ச்சனம் கலைந்த பிறகு பலகைக் கோவிலின் வாசலில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மன்னார் அண்ணை நின்றார். இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டு அவருடைய தோளில் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது. எங்கள் விடுதியின் கீழ்மாடியில் இருந்த அக்கா வெள்ளைச் சேலைக்கு மேலே தடித்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு நின்றார். என் அறை நண்பன் நின்றான். நான் நின்றேன். கோவிலின் போதகரும் மணி அடிப்பவரும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

வராதவர்கள் மூவர். ஹோர்சன்ஸிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை வந்து எங்களுக்குப் பூசை வைக்கும் கத்தோலிக்கச் சுவாமியாருக்கு அன்று வேறு ஊரில் பூசை. எங்கள் விடுதியிலேயே இருந்த பெந்தெகொஸ்தே அண்ணை, “செத்தவைக்கு மணி அடிக்கச் சொல்லி வேதத்திலை எங்கை கிடக்கு?” என்று கேட்டுவிட்டுக் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்றாவது ஆள் மன்னார் அண்ணையின் தாய். அவருக்காகத்தான் நாங்கள் பனியில் நின்றோம். அவர் மன்னாரில் இறந்து இரண்டு மாதத்துக்கு மேலாகியிருந்தது.

என் சட்டைப் பையில் கோவில் சபையின் அனுமதிக் கடிதம் இருந்தது. அதைக் கேட்டு விண்ணப்பம் எழுதியவன் நான். அந்த விண்ணப்பத்தில் ஒரு பிழையும் இல்லை என்று அந்த நேரம்வரை நம்பியிருந்தேன்.

நாங்கள் அந்த ஊருக்கு வந்தது அதற்கு முந்திய ஒக்டோபரில். டென்மார்க்கில், பிராண்டேயிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். ஊர் என்றால் ஒரு வீதி, ஒரு பால் பண்ணை, ஒரு கடை, கோவில். ஊர் எல்லையில் மூடிக்கிடந்த பழைய தங்குவிடுதி ஒன்றில் எங்கள் நாற்பது பேரையும் இருத்தியிருந்தார்கள். விசா முடிவு வரும்வரை வேலைக்குப் போகக் கூடாது. வாரத்தில் மூன்று நாள் டெனிஷ் வகுப்பு. மற்ற நேரம் யன்னலால் பார்ப்பதுதான் வேலை. யன்னலால் பார்த்தால் தெரிவது கோவில்.

முதல்நாள் அதைக் கோவில் என்று யாரும் சொல்லவில்லை. சுவரெல்லாம் நிமிர்த்தி அடித்த பலகை. பலகையெல்லாம் தார் பூசிக் கறுப்பு. யன்னல் சட்டங்கள் மட்டும் வெள்ளை.

“உது என்ன, புகையிலை உணத்துற கொட்டிலோ?” என்றான் நண்பன்.

“கூரையிலை சிலுவை நிக்குதடா, விசரா,” என்றார் அக்கா.

“அப்ப புகையிலைக்காரர் வேதக்காரர் போலை.”

எங்கள் பக்கத்தில் கோவில் கட்டுவது கல்லாலும் சுண்ணாம்பாலும். பலகையால் கட்டுவது கடை. காசில்லாத பங்கில்கூடச் சனம் கல் சுமந்துதான் கோவில் கட்டும். ஐரோப்பாவில், இவ்வளவு பணக்கார நாட்டில், ஆண்டவரைப் பலகைக்குள் இருத்தியிருக்கிறார்களே என்று எனக்கு உண்மையில் ஒரு குறையாகத்தான் பட்டது.

கோவிலைவிட மணிதான் எங்களைக் கூடுதலாகக் குழப்பியது. அது கோவிலுக்குள் இல்லை. பக்கத்தில் நாலு தடித்த மரத்தூண் நட்டு, மேலே சின்னக் கூரை போட்டு, அதற்குள் தூக்கியிருந்தார்கள். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஒரு வயதான மனிதர் வந்து அடிப்பார். முதலில் மணி நீளமாக ஆடி ஆடி அடிக்கும். பிறகு ஓயும். முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைக்கும்போது தனித்தனியாக மூன்று அடி விழும். கொஞ்ச நேரம் சத்தமில்லை. இன்னும் மூன்று. மறுபடி சத்தமில்லை. இன்னும் மூன்று.

எங்கள் ஊர்களில் மணி விட்டுவிட்டுத் தனியாக அடித்தால் யாரோ இறந்துவிட்டார் என்று பொருள். மன்னார் அண்ணை முதல்நாள் அதைக் கேட்டதும் எழுந்து நின்று சிலுவை போட்டு, இறந்தவருக்காக ஒரு செபம் சொன்னார். நாங்களும் எழுந்து நின்றோம். அடுத்த நாளும் அடித்தது. அடுத்த நாளும். ஒரு மாதம் முழுக்க முன்பின் தெரியாத முப்பது பேருக்கு நாங்கள் செபம் சொன்னோம். அதோடு, மணி அடிக்கும் அந்த மனிதரையே பகலில் மண்வெட்டியோடு சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவில், காண்போம். வகுப்பில் அவருடைய வேலையின் பெயரைக் கேட்டேன். ‘கிராவர்’ என்றார் ஆசிரியை. குழி வெட்டுபவர் என்பதுதான் அந்தச் சொல். சந்தேகம் தீர்ந்தது.

“பகலிலை வெட்டுறார், பின்னேரம் அடிக்கிறார்,” என்றார் மன்னார் அண்ணை. “தம்பி, இந்தச் சின்ன ஊரிலை இத்தினை சனம் ஏன் சாகுது? ஏதும் தொற்று வருத்தமோ? நீ கொஞ்சம் பாஷை கதைக்கிறாய். போய்க் கேளன்.”

போய்க் கேட்டேன். “யார் இறந்தது?” என்று அவரிடம் டெனிஷில் கேட்ட அந்த இரண்டு நிமிடமும் என் முகம் மிகவும் துக்கமாக இருந்திருக்க வேண்டும். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஒருவரும் இல்லை.”

“ஒவ்வொரு நாளும் மணி அடிக்கிறீர்களே?”

“சூரியன் இறங்குகிறது. அதற்குத்தான்.”

அந்த ஊர்ப் பக்கத்து ஆட்கள் அவ்வளவுதான் கதைப்பார்கள். ஆனால் ஏறிப் பார்க்க விருப்பமா என்று அவரே கேட்டார். மறுநாள் மன்னார் அண்ணையையும் கூட்டிக்கொண்டு போனேன். ஏணி வைத்து ஏறினோம். மணி எங்கள் மார்பளவு. விளிம்பைச் சுற்றிப் பழைய எழுத்துகள், பாசி பிடித்து, சில எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருந்தன. நான் எழுத்துக்கூட்டிக்கொண்டு நின்றேன். மன்னார் அண்ணை விரலால் தடவிக்கொண்டே போனவர் சட்டென்று நின்றார்.

“ஆவே மரியா,” என்றார். “தம்பி, இது மாதா பேரிலை வார்த்த மணி!”

அவர் சின்ன வயதில் பூசைக்கு உதவி செய்தவர். அந்தக் காலத்துப் பூசை லத்தீனில். அந்த எழுத்துகளை அவர் வாசிக்கவில்லை, அடையாளம் கண்டார்.

“மூண்டு, மூண்டு, மூண்டு,” என்று விரலை மடக்கினார். “நாங்கள் என்ன மடையன்களா இருந்திருக்கிறம்! இது சாவு மணி இல்லை. மூவேளைச் செபத்து மணி.”

காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் மாதாவிடம் சொல்லும் செபத்துக்கு எங்கள் கோவில்களில் அடிப்பதும் அதே மூன்று மூன்று மூன்றுதான். பிறந்ததிலிருந்து கேட்ட மணி. ஆனால் எங்கள் மணி ஆறு மணிக்கு அடிக்கும், மாரியோ கோடையோ. இந்த ஊர் மணி சூரியனைப் பார்த்து ஒக்டோபரில் ஐந்தரைக்கும் நவம்பரில் நாலு மணிக்கும் அடித்தால் அதை ஆறுமணிச் செபம் என்று யார் கண்டார்?

கிராவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் விளக்கினேன். இடையில் ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டேன். தெரியாது என்றார். அப்பா அவ்வளவு நேரம் நிறுத்துவார், அதனால் தானும் நிறுத்துவதாகச் சொன்னார். அப்பா யாரிடம் பழகினார்? அவருக்கு முந்திய கிராவரிடம்.

அன்று பின்னேரம் மன்னார் அண்ணை யன்னலோரம் நின்று சோதித்துப் பார்த்தார். மூன்று அடி விழுந்ததும் ‘மரியே வாழ்க’ செபத்தைத் தமிழில் தொடங்கினார். பாதி கடக்கும்போதே அடுத்த மூன்று விழுந்துவிட்டது. மறுநாள் லத்தீனில் சொன்னார். ஆமென் சொல்லி வாய் மூடினார், மணி விழுந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. கைக்கு அது தெரிந்திருக்கிறது, ஆளுக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு நான் போதகரிடம் போய் கோவிலின் கதையைக் கேட்டேன். போதகர் ஒரு பெண். அவரை எப்படிக் கூப்பிடுவது என்று எங்களுக்குள் பெரிய விவாதம். “சுவாமி எண்டால் பிழை, சுவாமியம்மா எண்டாலும் சரிவராது,” என்று அக்கா சொல்லிச் சிரிப்பார். அந்த ஊரில் எல்லாரும் அவரை ‘நீ’ என்றே கூப்பிட்டார்கள். எனக்கு வாய் வரவில்லை; பெயரும் சொல்லாமல் நீயும் சொல்லாமல் வாக்கியம் அமைக்கப் பழகிக்கொண்டேன்.

டென்மார்க்கின் முதல் கோவில்கள் எல்லாமே மரக் கோவில்கள்தான் என்றார் அவர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வேதம் வந்தபோது இங்கே மரம்தான் இருந்தது. பிறகுதான் கல்லும் செங்கல்லும். இன்றைக்கும் பழைய கற்கோவில்களின் தரையைத் தோண்டினால் அடியில் மரத்தூண் நின்ற குழிகள் தெரியுமாம். எங்கள் பலகைக் கோவில் அவ்வளவு பழையது அல்ல. அந்தப் பக்கமெல்லாம் ஒருகாலத்தில் புதர் மண்டிய தரிசு. அதைத் திருத்தி உருளைக்கிழங்கு போட்ட ஏழைக் கமக்காரருக்குச் செங்கல் வாங்க வழியில்லை. காசு சேரும்வரைக்கும் என்று பலகையில் கட்டினார்கள். வீட்டுக்கு வீடு பலகை கொடுத்தார்கள். எந்தப் பலகை எந்த வீட்டுக்காரர் கொடுத்தது என்று கிராவருக்குத் தெரியும். அந்தந்த வீட்டார்தான் கோடையில் வந்து அந்தந்தப் பலகைக்குத் தார் பூசுகிறார்கள். காசு சேரவே இல்லை. பிறகு சேர்ந்தபோது பலகைக் கோவிலை இடிக்க ஒருவருக்கும் மனமில்லை.

“பதிவுப் புத்தகத்தில் இன்னும் ‘தற்காலிகக் கோவில்’ என்றுதான் இருக்கிறது. எண்பது வருடமாக,” என்றார் போதகர்.

தற்காலிகம் என்பதற்கு அவர் சொன்ன டெனிஷ் சொல்லை எனக்கு வகுப்பில் யாரும் படிப்பிக்கத் தேவைப்படவில்லை. எங்கள் நாற்பது பேருடைய அடையாள அட்டையிலும் அதே சொல்தான் அடித்திருந்தது. அறைக்கு வந்து நண்பனிடம் சொன்னேன். “அப்ப எங்களுக்கும் எண்பது வருஷம் கிடக்கு. நல்லாப் பாஷையைப் படி, மாஸ்டர்,” என்றான்.

மணி கோவிலைவிட மிகப் பழையது. இடிந்துபோன ஒரு கற்கோவிலிலிருந்து வாங்கி வந்தது. நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இந்த நாட்டு அரசர் சமயத்தை மாற்றியபோது மாதா செபத்தை நிறுத்தச் சொன்னார்கள். சனம் நிறுத்தியது. மணியை நிறுத்தச் சொன்னவர்களும் இருந்தார்கள், ஆனால் சூரியன் மறைவதை யாராவது சொல்லத்தானே வேண்டும்? அதனால் செபம் போனது, அதன் நீளம் மணிக்குள் தங்கிவிட்டது. போதகருக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம். எங்கள் அண்ணைக்கு அது வாய்க்குள் இருந்தது. நான் அதைப் பற்றிப் பல நாள் யோசித்தேன். ஒரு சமயத்தைச் சட்டத்தால் மாற்றலாம்; பின்னேரம் நாலு மணிக்குக் கயிறு பிடிக்கிற கையை மாற்ற நானூற்றைம்பது ஆண்டு போதவில்லை.

தை மாதக் கடைசியில் மன்னார் அண்ணைக்கு அவருடைய தங்கையின் கடிதம் வந்தது. கொழும்பு சுற்றி வந்ததில் ஐந்து கிழமை பிந்தியிருந்தது. அம்மா இறந்துவிட்டா. முப்பத்தோராம் நாளும் கடிதம் பயணத்தில் இருக்கும்போதே கடந்துவிட்டது. சனம் இடம்பெயர்ந்து, கோவில் பூட்டிக்கிடந்த நேரம். அவசரமாகப் பக்கத்து ஊர்ச் சேமக்காலையில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

அவர் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டார். ஒரு வரியைத் தவிர. ‘கோவில் மணி அடிக்கேல்லை அண்ணை’ என்று தங்கை எழுதியிருந்தார்.

“எத்தினை பேருக்கு மணி அடிச்ச கோவில் தெரியுமோ தம்பி,” என்றார். “ஊரிலை கள்ளனுக்கும் அடிச்சது. அம்மாவுக்கு அடிக்கேல்லையாம்.”

அவர் முகம் மழிக்கவில்லை. இறைச்சி தொடவில்லை. ஒரு கிழமை கழித்து என் கட்டிலில் வந்து இருந்தார்.

“இஞ்சத்தை மணி மாதா மணிதானே. அம்மாவுக்கு ஒருக்கா அடிச்சால் போதும். நீ படிச்சனீ. ஒரு கடிதம் எழுது.”

என் அப்பு கைநாட்டு வைப்பவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். எட்டு வயதிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் நான்தான் வாசித்தேன். அரச கந்தோருக்குப் போகும் விண்ணப்பமெல்லாம், எங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, சுற்றி இருந்த பத்து வீட்டுக்கும், நான்தான் எழுதினேன். எழுதித் தா என்று ஒருவர் கேட்டால் எனக்குள் ஒன்று நிமிர்ந்து உட்காரும். அன்றும் உட்கார்ந்தது.

“செத்திட்டா எண்டு எழுதாதை,” என்றார் அண்ணை. “மரியாதையா எழுது.”

இறப்பது என்பதற்கு டெனிஷ் சொல் எனக்குத் தெரியும். கிராவரிடம் கேட்ட கேள்வியே அதுதான். ஆனால் நாய்க்கும் அந்தச் சொல்தான், பூச்சிக்கும் அந்தச் சொல்தான் என்று வகுப்பில் பார்த்திருந்தேன். ஒரு தாய்க்கு அதை எழுதக் கை வரவில்லை. ‘எங்களை விட்டுப் பயணமாகிவிட்டார்’ என்று எழுதினேன். அடுத்தது மணி. மணி அடிப்பது ‘ரிங்கெ’. கிராவர் வாயால் நூறுமுறை கேட்ட சொல். அம்மாவுக்கு என்பதில் அந்த ‘க்கு’ இருக்கிறதே, அதற்கு ‘தில்’ என்று படித்திருந்தேன். அவருக்குக் கொடு என்றால் தில். தம்பிக்குக் கடிதம் என்றால் தில். ஆகவே, ‘மன்னாரில் இருந்த என் அம்மாவுக்கு இதுவரை யாரும் ரிங்கெ செய்யவில்லை. உங்கள் கோவிலில் ஒருமுறை என் அம்மாவுக்கு ரிங்கெ செய்ய அனுமதி தாருங்கள்’ என்று எழுதி முடித்தேன்.

ஆசிரியையிடம் காட்டியிருந்தால் இரண்டு நிமிடத்தில் திருத்தியிருப்பார். காட்டவில்லை. பத்து வீட்டுக்கு விண்ணப்பம் எழுதியவன் இதைக் கொண்டுபோய்க் காட்டுவதா என்று இருந்தது. இதுதான் உண்மை.

பதில் பத்து நாளில் வந்தது. தட்டச்சில், மிக அன்பாக. சபை உங்கள் கடிதத்தை ஆலோசித்தது. வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு, போதகர் வீட்டில், அம்மாவுக்கு ரிங்கெ செய்யலாம். செலவை நீங்கள் ஏற்க வேண்டும். நான் சத்தமாக மொழிபெயர்த்து வாசித்தேன். செலவு மணி அடிக்கிற கட்டணம் என்று விளங்கிக்கொண்டோம். ‘போதகர் வீட்டில்’ என்பதுதான் கொஞ்சம் இடித்தது. “முதலிலை அங்கை ஒரு செபம் சொல்லுவினமாக்கும்,” என்றார் அக்கா. எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது.

ஆகவே அந்த ஞாயிறு. போதகர் எங்களைக் கோவில் வாசலிலிருந்து வீதிக்கு அந்தப் பக்கம் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். கிராவரும் கோப்பி குடிக்கக் கூட வந்தார். மேசையில் கோப்பி, கேக், மெழுகுதிரி. நாங்கள் அழுத்தமான முகத்தோடு நின்றோம். போதகர் யன்னலோரத்துச் சின்ன மேசையிலிருந்த தொலைபேசியைத் துணியால் ஒருமுறை துடைத்து, அதன் முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, மன்னார் அண்ணையைப் பார்த்துச் சிரித்தார்.

“இதோ. உங்கள் அம்மாவுக்கு.”

“என்னவாம் தம்பி?” என்றார் அண்ணை.

நண்பன்தான் சொன்னான். “ரெலிபோன் எடுக்கட்டாம்.”

“ஆருக்கு?”

நண்பன் என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். “அம்மாவுக்கு.”

கேக்கில் குத்தியிருந்த கத்தி மெல்லச் சாய்ந்தது.

“எட மாஸ்டர்,” என்றான் நண்பன் அடங்கிய குரலில், “என்னத்தையடா எழுதிக் குடுத்தனீ?”

ரிங்கெ என்றால் மணி அடிப்பதுதான். ஆனால் ‘ரிங்கெ தில்’ என்றால், ஒருவருக்குத் தொலைபேசி எடுப்பது. மணி அடிப்பதாக இருந்தால் அங்கே வேறு ஒரு சிறு சொல் வரவேண்டும். எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே ‘க்கு’. அந்த ஒரு ‘க்கு’வை நம்பி ஒரு தாயின் துக்கத்தை நான் தொலைபேசி அழைப்பாக்கிவிட்டேன்.

எந்தச் சொல்லை எழுத மறுத்தேனோ அதை அப்போது எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டி வந்தது. “அவர் இறந்துவிட்டார்,” என்றேன் போதகரிடம். “நாங்கள் கேட்டது மணி.”

அவர் மெல்லக் கதிரையில் இருந்தார். மன்னார் அண்ணைக்காக இழுத்துப் போட்ட அதே கதிரை. ‘பயணமாகிவிட்டார்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து, சண்டையில் எங்கோ ஓடிப்போய்த் தொடர்பில்லாமல் இருக்கிறார் என்று சபை நினைத்ததாம். தாயோடு கதைக்க முடியாமல் ஒரு மனிதன் இருக்கக் கூடாது என்று ஒரு கமக்காரர் சொல்ல, ஐந்து நிமிடத்தில் எல்லாரும் கை தூக்கினார்களாம். மணி என்றால் அது வேறு விஷயம். இங்கே அடக்கம் செய்யாதவருக்கு, வேறு சபைக்காரருக்கு, மணி அடிப்பதைச் சபைதான் முடிவெடுக்க வேண்டும். அடுத்த கூட்டம் பங்குனியில்.

நான் மொழிபெயர்த்தேன். மன்னார் அண்ணை தாடியைத் தடவிக்கொண்டு, “பரவாயில்லைத் தம்பி,” என்றார். அந்தப் பரவாயில்லையை என்னால் தாங்க முடியவில்லை.

கிராவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கடிதத்துக்குக் கை நீட்டினார். கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழே வாசித்தார்.

“ரிங்கெ என்று இருக்கிறது,” என்றார்.

“அது தொலைபேசி,” என்றார் போதகர்.

“இருக்கலாம். ஆனால் என் வேலையில் ரிங்கெ என்றால் கயிறு.” எழுந்து தொப்பியைப் போட்டார். “சபை ரிங்கெ செய்யச் சொல்லிக் கையெழுத்து வைத்திருக்கிறது.”

போதகர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு கோப்பிக் கேத்தலை எடுத்து அவருடைய கோப்பையை இன்னொரு முறை நிரப்பினார். “முதலில் இதைக் குடித்துவிட்டுப் போ. வெளியே குளிர்.” அதுதான் அனுமதி.

அக்காதான் அடுத்ததைச் சொன்னார். “ரெலிபோனும் இருக்கு, மணியும் இருக்கு. பிறகு என்னத்துக்கு ஒண்டை விடுவான்? தங்கச்சியைக் கூப்பிடுங்கோ அண்ணை. அவளும் கேக்கட்டும்.”

தங்கை ஒரு கன்னியர் மடத்தில் தங்கியிருந்தார். மடத்தின் தொலைபேசி எண் கடிதத்தின் அடியில் இருந்தது. போதகர் வெளிநாட்டு இணைப்பகத்துக்கு எடுத்துப் பதிந்தார். காத்திருக்கச் சொன்னார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். அந்த நேரத்தில்தான் மன்னார் அண்ணை என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“அவரிட்டை ஒண்டு சொல்லு. மூண்டுக்கும் மூண்டுக்கும் இடையிலை இன்னும் கொஞ்சம் கூட நிக்கச் சொல்லு.”

“ஏன் அண்ணை?”

“அம்மாவுக்கு லத்தீன் தெரியாது.”

நான் போய்க் கிராவரிடம் சொன்னேன். இந்தமுறை ஒவ்வொரு சொல்லையும் இரண்டுமுறை யோசித்துச் சொன்னேன். அவர் பனியில் மணிக்கூண்டின் கீழே நின்று கேட்டார். தகப்பன் விட்ட இடைவெளியை அவர் ஒருநாளும் மாற்றியதில்லை. அதை நான் கேட்கிறேன் என்பது எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது.

“எவ்வளவு?”

“நான் செபத்தைச் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் காத்திருக்கலாம்.”

“சரி. சொல்.”

வீதிக்கு அந்தப் பக்கம் யன்னல் திறந்தது. போதகர் கையைத் தூக்கினார். தங்கை தொலைபேசிக்கு வந்துவிட்டார் என்று பொருள். கிராவர் மணி நாக்கில் கட்டியிருந்த கயிற்றை இழுத்தார். மூன்று. நான் ‘மரியே வாழ்க’ என்று தமிழில் சத்தமாகத் தொடங்கினேன். குளிரில் என் மூச்சுத்தான் முன்னால் போனது. பாதியில், பழக்கப்பட்ட இடத்தில், அவர் கை தன்பாட்டில் அசைந்தது. அவர் மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொண்டார். என் வாயைப் பார்த்தபடி நின்றார். ஆமென் என்றேன். மூன்று. மறுபடி சொன்னேன். மூன்று.

அறைக்குள் நடந்ததை நண்பன் பிறகு சொன்னான். தங்கையைத் தேடிப் பிடிக்கவே நிறைய நேரம் போய்விட்டதாம். “அங்கை ஒரு சிஸ்டர் ஆறுதலா நடந்து போறா, இஞ்சை எனக்கு நெஞ்சு அடிக்குது. நிமிஷக் கணக்கெல்லோ!” தங்கை வந்ததும் இரண்டுபேரும் அழுதார்களாம். பிறகு மணி தொடங்க, மன்னார் அண்ணை தொலைபேசியின் வயர் போகுமட்டும் போய், ரிசீவரை யன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தாராம். முடிந்ததும் காதில் வைத்தாராம். அந்தப் பக்கம் கத்திக் கதைத்தது அறைக்கே கேட்டதாம்.

“அண்ணை, ஆரோ மணி அடிக்கினம்.”

“ஓம். அம்மாவுக்குத்தான்.”

“எந்தக் கோவில்?”

“இஞ்சத்தைக் கோவில். பலகைக் கோவில்.”

“பலகையோ? கறையான் அரிக்காதோ?”

“இஞ்சை கறையான் இல்லையடி.”

எங்களுக்கு அப்போது மத்தியானம் ஒன்றரை மணி. பிறகு தங்கை சொன்னாராம்: “இஞ்சை இப்ப ஆறு மணி அண்ணை. நேரத்துக்குத்தான் அடிக்கினம்.”

கிராவர் கயிற்றை ஆணியில் சுற்றிக் கட்டினார். என்னைப் பார்த்து, “இக்கே சோ ரிங்கெ,” என்றார். அந்த ரிங்கெ வேறு. ‘அவ்வளவு மோசமில்லை’ என்று பொருள். அந்தப் பக்கத்து ஆட்கள் அதைவிடப் பெரிதாக எதையும் பாராட்ட மாட்டார்கள் என்று எனக்குப் பிறகுதான் தெரியும்.

மன்னார் அண்ணை விடுதிக்கு வந்து முகம் மழித்தார். ஐந்தரைக்குக் கிராவர் வழக்கம்போல் வந்து சூரியனுக்கு அடித்தார், தகப்பனுடைய இடைவெளியோடு. அண்ணை யன்னலடியில் நின்று லத்தீனில் சொன்னார். சரியாக இருந்தது.

பெந்தெகொஸ்தே அண்ணை எல்லாக் கதையையும் விசாரித்து அறிந்துகொண்டு, என் கையில் இருபது குரோனர் வைத்தார். “இது ரெலிபோனுக்கு. மணிக்கு ஒரு சதமும் இல்லை, சொல்லிப்போட்டன்.”

நான் இப்போது ஹோர்சன்ஸில் இருக்கிறேன். எழுதும் ஒவ்வொரு டெனிஷ் கடிதத்தையும் யாரிடமாவது காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். அன்றைய கணக்குத் துண்டை மட்டும் எறியவில்லை. சித்திரையில் போதகர் தன் கையால் எழுதி அனுப்பியது. ஆசிரியையைப்போல இரண்டு சொல்லையும் தனித்தனி வரியில் பிரித்து, அடிக்கோடும் இட்டிருந்தார். மணி அடித்தது, ரிங்னிங்: ஒன்றுமில்லை. தொலைபேசி எடுத்தது, ஒப்ரிங்னிங், இருபத்துமூன்று நிமிடம்: நானூற்றுப் பதினான்கு குரோனர்.